தோட்டா உறை டம்ப்ளர்: ஏன் நின்றுபோகிறது, எப்படி நீடித்து உழைக்கவைப்பது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் குறிசுடுதலில் ஈடுபடுபவர்களில் பலர், சுட்டு முடித்த பித்தளை உறைகளைப் பொறுக்கி வந்து, புதிய பிரைமரும் (உறையின் அடியில் பொருத்தும், தீ மூட்டும் சிறு மூடி) மருந்தும் குண்டும் வைத்து மீண்டும் தோட்டாவாக்குகிறார்கள். அந்த வேலையின் முதல் படி, உறையில் படிந்த கரியையும் மண்ணையும் நீக்குவது. அழுக்கோடு உறையை, அதன் வடிவைச் சரிசெய்யும் அச்சுக்குள் அழுத்தினால் அச்சும் கீறும், உறையும் கீறும். இதற்குப் பெரும்பாலோர் வாங்குவது அதிர்வு டம்ப்ளர், அதாவது வால்நட் ஓடு, மக்காச்சோளச் சக்கை போன்றவற்றின் குருணையோடு உறைகளைச் சேர்த்து உதறித் துலக்கும் எந்திரம். லைமன், ஆர்சிபிஎஸ், ஹார்னடி, ஃபிராங்க்ஃபோர்ட் ஆர்சனல், டில்லன் என்று பல பெயர்களில் கிடைத்தாலும் உள்ளே இருக்கும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே பழுதுகளும் ஒரே மாதிரிதான் வருகின்றன. உறையை மறுபடி நிரப்பும் முறை இந்தப் பக்கத்தில் இல்லை. சுத்தம் செய்யும் எந்திரத்தைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறோம்.

இந்த எந்திரத்துக்குள் என்ன நடக்கிறது?

நடுவில் கூம்பு எழும்பிய ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். அதன் அடியில் ஒரு தட்டு, தட்டில் திருகிய மோட்டார். மோட்டாரின் ஷாஃப்டில் ஒரு பக்கம் மட்டும் கனமான இரும்புத் துண்டு. இவை எல்லாம் சேர்ந்து சில ஸ்பிரிங்குகளின் மேல் நிற்கின்றன. மோட்டார் சுற்றும்போது அந்த ஒருபக்கக் கனம் மொத்தத்தையும் உதறுகிறது. கிண்ணத்துக்குள் இருக்கும் குருணையும் உறைகளும் வெளி ஓரத்தில் மேலெழுந்து, நடுவை நோக்கிச் சரிந்து, மறுபடி அடிக்குப் போகின்றன. கொதிக்கிற உலையில் அரிசி மேலே வந்து அமிழ்வதைப் போன்ற ஓட்டம் அது. அந்த ஓட்டம் சரியாக இருந்தால் உறை சுத்தமாகும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மற்ற எந்திரங்களில் அதிர்வு வந்தால் கோளாறு என்று பொருள். இங்கே அதிர்வுதான் வேலையே. எனவே இந்த எந்திரம் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தன் நட்டுகளைத் தானே தளர்த்திக்கொண்டிருக்கிறது, தன் வயரைத் தானே மடக்கி நிமிர்த்திக்கொண்டிருக்கிறது. வரும் பழுதுகளில் பெரும்பகுதி தளர்வால் வருகிறது அல்லது சூட்டால் வருகிறது. இந்த இரண்டையும் அடக்கிவிட்டால் மற்றவை தாமாக அடங்கும்.

சாதாரணமாக எத்தனை ஆண்டு உழைக்கும்?

ஆண்டுக் கணக்கில் சொல்வது சரியாக வராது. ஓடிய மணிநேரமும் ஏற்றிய கனமும்தான் கணக்கு. மாதம் ஓரிரு முறை, அளவான சுமையோடு ஓட்டுபவர்களிடம் 10 ஆண்டைத் தாண்டிய எந்திரங்கள் அபூர்வமல்ல. அதே எந்திரத்தில் விளிம்புவரை நிரப்பி, இரவெல்லாம் ஓடவிட்டு, சத்தம் கேட்கக் கூடாதென்று போர்வை போர்த்தியவர்கள் ஓராண்டுக்குள் மோட்டாரை எரித்திருக்கிறார்கள்.

மோட்டார் மிகவும் சுடுகிறது. இது இயல்பா?

ஓரளவு சூடு இயல்பு. இந்த எந்திரங்களில் பெரும்பாலும் இருப்பது ‘ஷேடட் போல்’ வகை மோட்டார். விலை குறைவு, கார்பன் பிரஷ் கிடையாது, கபாசிட்டர் கிடையாது, அமைப்பு எளிது. ஆனால் வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாகவே வெளியே தள்ளும். ஆரோக்கியமான மோட்டாரே ஒரு மணி நேரம் ஓடியபின் கை வைத்தால் சுருக்கென்று இருக்கும்.

வார்னிஷ் எரிகிற வாடை வந்தால் அது இயல்பல்ல. உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். வாடை இல்லாவிட்டாலும், அதே சுமைக்கு அதே நேரத்தில் முன்பைவிடக் கூடுதலாகச் சுடுகிறது என்றால் காரணம் தேட வேண்டும். மோட்டாரின் காயிலில், அதாவது கம்பிச் சுருளில், கம்பியின் மேல் பூச்சு தாங்கும் காலம், வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடும்போதெல்லாம் பாதியாகக் குறையும் என்பது மோட்டார் வேலை செய்பவர்களின் கைக்கணக்கு. இன்று கொஞ்சம் கூடுதலாகச் சுட்டு ஓடிவிட்டது என்பதால் நட்டமில்லை என்று ஆகாது. அந்தக் கொஞ்சம் சேர்ந்துகொண்டே வருகிறது.

காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள். முதலில் சுமை. கிண்ணத்தில் குருணையும் உறையும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கு, மிஞ்சிப்போனால் முக்கால் பங்கு. அதற்கு மேல் போகக் கூடாது. கனம் கூடினால் மோட்டார் தன் வேகத்தை எட்ட முடியாமல் இழுபடும், கூடுதல் கரண்ட் வாங்கும். அடுத்து காற்று. அடித்தட்டிலும் பக்கத்திலும் இருக்கும் துளைகள் மோட்டாரின் மூக்கு. கம்பளம், ஸ்பாஞ்சு மெத்தை, துண்டு ஆகியவற்றின் மேல் வைத்தால் அந்தத் துளைகள் மூடிவிடும். கெட்டியான தரையிலோ பலகையிலோ வையுங்கள். ஷாஃப்டின் முனையில் ஒரு சிறு பிளாஸ்டிக் விசிறி இருக்கும். அதன் இதழ் உடைந்திருக்கிறதா, ஷாஃப்டைவிட்டு நழுவியிருக்கிறதா என்று பாருங்கள். விசிறி சுற்றாமல் மோட்டார் மட்டும் சுற்றுவது வெளியே தெரியாது. மெல்லிய, நீளமான எக்ஸ்டென்ஷன் வயரில் ஓட்டினாலும் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் சூடாகும். கடைசியாக, வறண்ட பேரிங். அதைப் பற்றிக் கீழே வருகிறது.

ஓடிக்கொண்டே இருந்து நின்றுவிடுகிறது. அரைமணி நேரம் கழித்துத் தானாக ஓடுகிறது. ஏன்?

உள்ளே இருக்கும் வெப்பக் காப்பு தன் வேலையைச் செய்கிறது. சில மோட்டார்களில் சூடானால் திறந்து, ஆறினால் தானே மூடிக்கொள்ளும் காப்பு இருக்கும். அது அடிக்கடி திறக்கிறது என்றால் மேலே சொன்ன காரணங்களில் ஒன்று உங்கள் எந்திரத்தில் இருக்கிறது. அந்தக் காப்பைத் துண்டித்து நேராக இணைத்து ஓட்டச் சொல்லும் யோசனைகளைக் கேட்காதீர்கள். அப்படிச் செய்தால் சூட்டைத் தடுக்க எதுவும் மிச்சமிருக்காது; சுற்றிலும் இருப்பதோ காய்ந்த மக்காச்சோளத் தூள்.

இன்னொரு விஷயம்: நின்றுவிட்டதே என்று சுவிட்சை அணைக்காமல் போய்விட்டால், யாரும் இல்லாத நேரத்தில் அது மறுபடி ஓடத் தொடங்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டே நகருங்கள்.

சுவிட்சைப் போட்டால் எதுவுமே நடக்கவில்லை.

முதலில் வேறொரு விளக்கையோ விசிறியையோ அதே பாயின்ட்டில் போட்டுப் பாருங்கள். பாயின்ட் சரியென்றால் சந்தேகப்பட வேண்டியது வயர். உடம்புக்குள் நுழையும் இடத்தில் அது ஓயாமல் மடிந்து நிமிர்கிறது. வெளி உறை நன்றாக இருந்தும் உள்ளே செம்பு இழைகள் அறுந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரில் தொடர்ச்சியை அளந்தபடி வயரை அந்த இடத்தில் மெதுவாக வளைத்துப் பாருங்கள். பீப் ஒலி விட்டுவிட்டு வந்தால் பழுது கிடைத்துவிட்டது. சேதமான துண்டை வெட்டி எறிந்து, புது முனையை இணைத்து, வயரை அசையாமல் பிடிக்கும் கவ்வியைத் திரும்பப் போடுங்கள். கவ்வி இல்லாமல் போட்டால் சில மாதத்தில் அதே இடத்தில் அறும்.

வயர் சரியாக இருந்தால் சுவிட்ச், அதன்பின் காயிலுக்குள் புதைத்த தெர்மல் ஃபியூஸ். இந்த ஃபியூஸ் ஒருமுறை போனால் போனதுதான், ஆறினாலும் திரும்பாது. மாற்ற வேண்டுமானால் அதே வெப்ப அளவும் அதே ஆம்பியரும் உள்ளதைப் போட வேண்டும். ஈயப்பற்று வைக்கும் சூட்டு இரும்பைத் தொடும்போதே ஃபியூஸ் உருகிவிடக்கூடும் என்பதால் அதன் கால்களைக் குறடால் பிடித்து வெப்பத்தை இழுக்க வேண்டும். மின்வேலை பழகாதவர்கள் தெரிந்தவரிடம் கொடுப்பதே சரி.

உம்மென்று உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை.

உடனே அணையுங்கள். நின்ற நிலையில் உறுமும் மோட்டார் நிமிடக் கணக்கில் தன்னையே பொரித்துவிடும். பிளக்கைப் பிடுங்கி, அடித்தட்டைக் கழற்றி, ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால், ஷாஃப்டைத் தாங்கும் புஷ் என்ற உலோக வளையத்துக்குள் தூசியும் காய்ந்த எண்ணெயும் பிசினாகியிருக்கிறது. தடையில்லாமல் சுற்றினால், ஒருபக்கக் கனம் எங்காவது முட்டுகிறதா என்று பாருங்கள். தப்பி விழுந்த ஒரு உறையோ திருகோ அதைத் தடுத்திருக்கலாம். ஷேடட் போல் மோட்டாருக்குத் தொடக்க விசை மிகக் குறைவு. சின்னத் தடங்கலே அதை நிறுத்தப் போதும்.

எண்ணெய் விடலாமா?

பேரிங்கின் வகையைப் பொறுத்தது. மூடிய பால் பேரிங் என்றால் விடக் கூடாது, விட்டாலும் உள்ளே போகாது. கரகரவென்று சத்தம் போட்டால் பேரிங்கையே மாற்ற வேண்டும். வெண்கலப் புஷ் என்றால், அதைச் சுற்றி எண்ணெய் ஊறிய கம்பளிப் பட்டை இருக்கும். மின்மோட்டாருக்கென்று விற்கும் எஸ்ஏஇ 20 எண்ணெயில் இரண்டு மூன்று சொட்டு அந்தப் பட்டையில் விடுங்கள். டபிள்யூடி-40 வேண்டாம், அது பழைய எண்ணெயைக் கரைத்துவிட்டுத் தானும் ஆவியாகிவிடும். எண்ணெய் வழியும் அளவுக்கும் விடாதீர்கள். வழிந்த எண்ணெயில் குருணைத் தூசி ஒட்டிக் குழம்பாகிறது.

மோட்டார் நன்றாகச் சுற்றுகிறது. உறைகள் புரளாமல் அப்படியே கிடக்கின்றன.

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. மோட்டாரைக் குறைசொல்லிப் புது எந்திரம் வாங்கியவர்கள் நிறையப் பேர். வாங்கத் தேவையே இருந்திருக்காது.

பாதியளவு உறைகளை வெளியே எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். புரள ஆரம்பித்தால் சுமைதான் கோளாறு. பெரிய ரைஃபிள் உறைகளும் .45 ஏசிபி என்ற பெரிய கைத்துப்பாக்கி உறைகளும் எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும் எடையில் அதிகம். பெட்டியில் அச்சடித்திருக்கும் கொள்ளளவு பெரும்பாலும் சிறிய கைத்துப்பாக்கி உறைக்கான எண்ணிக்கை. அதை எல்லா உறைக்கும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

சுமையைக் குறைத்தும் புரளவில்லை என்றால் குருணையை விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். ஈரமாக, பிசுபிசுப்பாக இருந்தால் அது ஓடாது. பாலிஷ் அதிகமாகிவிட்டது அல்லது காற்றின் ஈரம் ஏறிவிட்டது. பரப்பி வெயிலில் காயவையுங்கள், அல்லது மூடி இல்லாமல் வெறும் குருணையை மட்டும் சிறிது நேரம் ஓட்டுங்கள்.

குருணையும் நன்றாக இருக்கிறதென்றால் கிண்ணத்தைப் பிடிக்கும் நடு நட்டைப் பாருங்கள். அது தளர்ந்திருந்தால் மோட்டாரின் உதறல் கிண்ணத்துக்குச் சேராமல் இடையிலேயே வீணாகும். அடுத்தது ஒருபக்கக் கனத்தின் திருகு. ஆலன் கீ போட்டுப் பாருங்கள். திருகு தளர்ந்து, ஷாஃப்ட் மட்டும் சுற்றி, கனம் வழுக்கிக்கொண்டிருக்கலாம். ஷாஃப்டில் தட்டையான ஒரு முகம் இருந்தால் திருகு அந்த முகத்தில்தான் உட்கார வேண்டும். கடைசியாக ஸ்பிரிங்குகளை எண்ணுங்கள். ஒன்று உடைந்திருந்தால், அல்லது இருப்பிடத்தைவிட்டு நழுவியிருந்தால், கிண்ணம் ஒரு பக்கம் சாய்ந்து ஓட்டம் கெடும்.

சத்தம் திடீரென்று மாறிவிட்டது.

நல்ல செய்திதான், எந்திரம் முன்கூட்டியே சொல்கிறது. சலசலவென்று உலோகச் சத்தமானால் மூடித் திருகு அல்லது கிண்ணத்துக்கடியில் விழுந்த உறை. டக் டக் என்று இடித்தால் சுமை அதிகமாகி ஸ்பிரிங் அடிவரை அமுங்குகிறது, அல்லது ஒரு ஸ்பிரிங் போய்விட்டது. கீச்சென்றால் வறண்ட புஷ். கரகரத்தால் பால் பேரிங். எந்திரம் நல்ல நிலையில் ஓடும்போது அதன் சத்தத்தைக் கைப்பேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஒப்பிட மிகவும் உதவும்.

கிண்ணத்தின் நடுவில் விரிசல் விட்டிருக்கிறது. ஒட்டலாமா?

பசை நிற்காது. இந்தக் கிண்ணங்களில் பல பாலிஎதிலீன் போன்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. அவற்றில் சூப்பர் குளூ பிடிக்கவே பிடிக்காது. விரிசலின் முனையில் சிறு துளை போட்டால் அது மேலும் ஓடாது. பிறகு நடுத் துளைக்கு மேலும் கீழும் அகலமான இரும்பு வாஷர், அதற்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையில் ரப்பர் வாஷர் என்று வைத்து இறுக்குங்கள். சுமை ஒரு புள்ளியில் விழாமல் பரவும். இது கிண்ணத்தின் ஆயுளை நீட்டும், புதிதாக்கிவிடாது. உதிரிக் கிண்ணம் கிடைத்தால் மாற்றிவிடுவதே மேல்.

விரிசலுக்குக் காரணம் பெரும்பாலும் தளர்ந்த நட். சிலர் அதற்குப் பயந்து முறுக்கிக் கிழித்துவிடுவதும் உண்டு. கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று போதும். தளராமலிருக்க, உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட் போடலாம். திருகுப் பசை பூசுவதானால் பிளாஸ்டிக்கில் படாமல் பூசுங்கள். அந்தப் பசை சிலவகைப் பிளாஸ்டிக்கை வெடிக்கவைக்கும். விரிசலைத் தடுக்கப்போய் விரிசலை அழைத்ததாக ஆகும்.

ஒரு ஸ்பிரிங் மட்டும் உடைந்தது. அதை மட்டும் மாற்றினால் போதுமா?

எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். பழையவை தளர்ந்திருக்கும், புதியது விறைப்பாக இருக்கும், கிண்ணம் சாயும்.

எந்திரம் தரையில் நகர்ந்துகொண்டே போகிறது. சத்தமும் தாங்கவில்லை. பெட்டிக்குள் வைத்து மூடலாமா?

நகர்வதற்குக் காரணம் அடிக்கால்களின் ரப்பர் தேய்ந்திருப்பது, அல்லது மேடுபள்ளமான தரை. அடியில் மெல்லிய கெட்டி ரப்பர் விரிப்பு ஒன்று போதும். மேசை ஓரத்தில் வைக்காதீர்கள்.

முழுக்க மூடிய பெட்டி மோட்டாருக்கு எமன். சத்தம் குறைய வேண்டுமானால் எந்திரத்தை கராஜுக்கோ வீட்டோடு ஒட்டாத கொட்டகைக்கோ கொண்டுபோங்கள். பெட்டி கட்டியே ஆக வேண்டுமென்றால் கீழே ஒரு வழியாகக் குளிர்ந்த காற்று நுழையவும், மேலே ஒரு வழியாகச் சூடான காற்றை ஒரு சிறு விசிறி இழுத்து வெளியேற்றவும் ஏற்பாடு வேண்டும்.

எந்தக் குருணை நல்லது? அரிசி போடலாமென்கிறார்களே?

வால்நட் ஓட்டுக் குருணை கூர்மையானது, கடும் கரியை வேகமாக எடுக்கும். பளபளப்பு கொஞ்சம் மங்கலாக இருக்கும். மக்காச்சோளச் சக்கைக் குருணை மென்மையானது, மெருகு நன்றாக ஏறும், எண்ணெய்ப் பிசுக்கையும் உறிஞ்சும். இரண்டையும் கலந்து ஓட்டுபவர்களும் உண்டு. அமெரிக்காவில் வால்நட் குருணையை ஓணான் வளர்ப்பவர்களுக்கான விரிப்பாகப் பிராணிக் கடைகளில் மூட்டையாக விற்கிறார்கள். துப்பாக்கிக் கடைச் சிறு பொட்டலத்தைவிட மலிவு.

பொடி அளவு முக்கியம். உறையின் அடியில் பிரைமரின் தீ நுழையும் துளை ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். மணல்வீச்சு வேலைக்கென விற்கும் 14/20 மெஷ் அளவு மக்காச்சோளக் குருணை சுமார் 0.85 முதல் 1.4 மில்லிமீட்டர் வரை இருக்கும். ஒற்றைத் துகள் அந்தத் துளையில் சிக்காது. அரிசி அழுக்கை எடுக்கும் என்பது உண்மை. ஆனால் ஒரு அரிசியின் அகலம் கிட்டத்தட்ட அந்தத் துளையின் அகலமே. உடைந்து மாவும் ஆகும். பிரைமரைக் கழற்றாத உறைக்கு அவசரத்துக்குப் போடலாம், வழக்கமாக வேண்டாம். ஒருமுறை போட்ட அரிசியை எக்காரணம் கொண்டும் கோழிக்கோ குருவிக்கோ போடக் கூடாது. அதில் ஈயம் இருக்கிறது.

பாலிஷ் கட்டிகட்டியாகத் திரள்கிறது.

உறைகளைப் போடும் முன், வெறும் குருணையில் ஒரு மூடியளவு பாலிஷை ஊற்றி 15–20 நிமிடம் ஓட்டிக் கலக்கவிடுங்கள். அதன்பின் உறைகளைப் போடுங்கள்.

விளக்குத் துலக்கும் பிராசோ வீட்டில் இருக்கிறது. அதை ஊற்றலாமா?

கூடாது. பிராசோவில் அம்மோனியா இருக்கிறது. பித்தளை விளக்கு வெறுமனே நிற்கிறது. தோட்டா உறையோ உருவாக்கும்போதே உள்ளே இழுவிசை தங்கிய பித்தளை, வெடிப்பின் அழுத்தத்தையும் தாங்க வேண்டியது. அந்த இழுவிசையும் அம்மோனியாவும் சேர்ந்தால் பித்தளை மெல்ல வெடிக்கும்.

இந்தக் கதையின் ஊற்று இந்தியாவில் இருக்கிறது. பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைத்தது. மழை விட்டபின் எடுத்துப் பார்த்தால் உறைகள் வெடித்திருந்தன. அதனால்தான் அந்தக் கோளாறுக்கு ‘பருவ வெடிப்பு’ என்று பெயர் விழுந்தது. குதிரைச் சிறுநீரிலிருந்து கிளம்பிய அம்மோனியாவும் உலோகத்தில் தங்கிய இழுவிசையும் சேர்ந்து செய்த வேலை அது என்பதை 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் விளக்கினார்கள். 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம் என்ற அதே கலவையில்தான் இன்றும் உறை செய்கிறார்கள். ஆகவே குப்பியில் ‘அம்மோனியா இல்லை’ என்று எழுதியிருக்கும் பாலிஷ் மட்டும்.

புளி, எலுமிச்சை போன்றவையும் இந்த உலர் எந்திரத்துக்கு ஆகாது. அமிலத்தில் அதிக நேரம் கிடந்தால் மேற்பரப்பின் துத்தநாகம் கரைந்து உறை இளஞ்சிவப்பாக மாறும். ஈரம் வேறு நடுத்துளை வழியாக மோட்டாரில் இறங்கும்.

நான்கு மணி நேரம் ஓட்டியும் மெருகு ஏறவில்லை.

உறைகள் நன்றாகப் புரண்டிருந்தால் எந்திரத்தில் கோளாறில்லை. குருணை செத்துவிட்டது. கறுத்துத் தூளாகிவிட்டதை மாற்றுங்கள். மண் அப்பிய உறைகளை முதலில் சோப்புத் தண்ணீரில் அலசி நன்றாகக் காயவைத்துப் போட்டால் குருணையும் நீடிக்கும், மோட்டார் ஓட வேண்டிய நேரமும் குறையும். உறைகளை அளவுவாரியாகப் பிரிப்பதும் அவசியம். 9 மி.மீ. உறை .40 உறைக்குள் நுழைந்து சிக்கும், .40 உறை .45 உறைக்குள் சிக்கும், இரண்டுமே சுத்தமாகாது.

உறையின் வெளிப்புறம் வழவழப்பாக, கரியில்லாமல் இருந்தாலே வேலைக்குப் போதும் என்பது என் கருத்து. கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும் என்று ஆறேழு மணி நேரம் ஓட்டுவது மோட்டாருக்குச் செய்யும் அநியாயம்.

தூசியைப் பற்றி ஏன் இவ்வளவு எச்சரிக்கிறார்கள்?

எந்திரம் பழுதானால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். இது அப்படியல்ல. வழக்கமான பிரைமரில் லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மம் இருக்கிறது. அது வெடித்தபின் எஞ்சும் ஈயம் உறைக்குள் படிந்து, டம்ப்ளரில் உதிர்ந்து குருணையில் சேர்கிறது. குருணையைச் சலிக்கும்போது எழும் மெல்லிய சாம்பல் தூசியில் அது இருக்கிறது. கண்ணுக்கு வெறும் சோளத்தூசி.

குழந்தைகளின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் என்ற அளவையே 2021 முதல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சிடிசி கவனிக்க வேண்டிய அளவாக வைத்திருக்கிறது. அது எவ்வளவு சிறிய அளவு என்று யோசித்தால், சமையலறையிலோ படுக்கையறையிலோ குழந்தை தவழும் தரையிலோ இந்த எந்திரத்தை வைக்க மனம் வராது.

வெளியே, காற்றோட்டத்தில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று சலியுங்கள். என்95 முகமூடியும் கையுறையும் போடுங்கள். துணி உலர்த்தும் எந்திரத்தில் போட்டுப் பயன்படுத்தி முடித்த டிரையர் ஷீட் என்ற மெல்லிய விரிப்பைப் பட்டைபட்டையாக வெட்டிக் கிண்ணத்தில் போட்டால் தூசியில் நிறைய அதில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். தரையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். வீட்டு வாக்குவம் கிளீனரும் வேண்டாம், அது நுண்தூசியைப் பின்பக்கமாக ஊதிவிடும். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். கை கழுவாமல் எதையும் தின்னாதீர்கள். அந்த உடையைத் தனியாகத் துவையுங்கள். பழைய குருணையைத் தோட்டத்து உரக்குழியில் கொட்டாமல், உங்கள் ஊரின் அபாயக் கழிவு சேகரிப்பில் கொடுங்கள். நகை, காசு, சாமி சாமான் எதையும் இதே கிண்ணத்தில் துலக்காதீர்கள்.

முழுத் தோட்டாவை உள்ளே போட்டுத் துலக்கலாமா?

போடாதீர்கள். காலி உறைகளையும் ஒருமுறை கண்ணால் அலசிவிட்டுப் போடுங்கள். சுடுதளத்தில் பொறுக்கியதில் சுடாத .22 தோட்டா கலந்து வருவதுண்டு.

எஃகு ஊசிகளும் தண்ணீரும் போட்டு இதையே ஈர டம்ப்ளராக மாற்றலாமா?

எஃகு ஊசி சுழலும் பீப்பாய்க்கானது. அதிர்வு எந்திரத்துக்கு அந்தக் கனம் தாங்காது. தண்ணீர் நடுத்துளை வழியாகக் கசிந்தால் நேரே மோட்டார்மேல் விழும்.

அமெரிக்காவில் வாங்கியதை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனேன். டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் போதுமா?

போதாது. டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை 120 ஆக்கும், ஆனால் 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. இரு துருவ மோட்டாரின் உச்ச வேகம் நிமிடத்துக்கு 3600 சுற்றிலிருந்து 3000 ஆக இறங்கும். உதறல் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே விசையில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். காயிலோ முன்பைவிடக் கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடாகும். உறையும் சரியாகப் புரளாது, மோட்டாரும் சீக்கிரம் போகும். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்ட எந்திரத்தை அங்கேயே வாங்குங்கள்.

இந்தியாவில் இதைச் செய்யலாமா?

டம்ப்ளர் வெறும் மெருகு எந்திரம்தான். ஆனால் இந்தியாவில் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். அமெரிக்காவில் இருப்பதை இங்கே பொருத்திப் பார்க்காதீர்கள்.

பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

வயர், சுவிட்ச், ஸ்பிரிங், நட், புஷ் எண்ணெய் இவையெல்லாம் வீட்டிலேயே பார்க்க வேண்டிய வேலை. இவற்றுக்காக எந்திரத்தை எறிவது வீண். காயில் எரிந்திருந்தால் மோட்டாரின் விலையையும் அஞ்சல் செலவையும் கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள். வேறு மோட்டாரைப் பொருத்துவதானால் வோல்ட், வாட், சுற்று வேகம், ஷாஃப்டின் விட்டம், திருகுத் துளைகளின் இடைவெளி ஐந்தும் பொருந்த வேண்டும். ஷாஃப்ட் நீளம் மாறினாலும் கனத்தின் இடம் மாறி ஓட்டம் கெடும். எதற்கும் முதலில் தயாரித்த நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். உத்தரவாதக் காலத்துக்குள் நீங்களே பிரித்துவிட்டால் அதை மறுக்க இடம் கொடுத்ததாகும்.

ஓராண்டு ஓட்டாமல் மூலையில் கிடந்தது. அப்படியே போடலாமா?

குருணையைக் கொட்டிவிடுங்கள், ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்திருக்கலாம். அடித்தட்டைக் கழற்றிச் சிலந்திக்கூடு, எலி கடித்த வயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஷாஃப்டைக் கையால் பத்துப் பதினைந்து முறை சுற்றுங்கள். எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்கி, புதுக் குருணையைப் பாதியளவு மட்டும் போட்டு, உறையில்லாமல் கால் மணி நேரம் பக்கத்தில் நின்று ஓட்டுங்கள். சூடும் சத்தமும் சரியாக இருந்தால் உறைகளைப் போடலாம்.